காந்த நானோதுகள் படலம் பரப்பில் நிற்காதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

இங்கே பேசப்படுவது 8 முதல் 15 நானோமீட்டர் அளவுள்ள மேக்னடைட் (காந்தத்தன்மை உள்ள கருப்பு இரும்பு ஆக்சைடு) துகள்கள். மேசையில் பெரும்பாலும் இரண்டு வகைப் பாட்டில்கள் இருக்கும்: சிட்ரேட் போர்த்திய துகள்கள் தண்ணீரில், ஓலியிக் அமிலம் போர்த்தியவை டொலுவீனிலோ ஹெக்சேனிலோ. அடித்தளம் கண்ணாடி, சிலிக்கான், அல்லது தங்கம் பூசிய தகடு. கோபால்ட் ஃபெரைட் போன்ற மற்ற ஃபெரைட்டுகளுக்கும், புதுச் சரக்குத் தயாரிப்பையும், நிறமாற்றமும் காந்த அளவீடும் பற்றிய கடைசிப் பகுதிகளையும் தவிர, மற்றவை பொருந்தும்.

படலத்தில் கண்ணுக்குப் படும் கோளாறு பெரும்பாலும் பாட்டிலிலேயே பிறந்திருக்கும். அதனால் எந்த அறிகுறியானாலும் முதலில் 2 மி.லி. கரைசலைத் தனிக் குப்பியில் எடுத்து, பக்கவாட்டில் ஒரு நியோடிமியம் காந்தத்தை 5 நிமிடம் ஒட்டி வையுங்கள். நன்றாகப் பிரிந்திருக்கும் 10 நானோமீட்டர் துகள்களைச் சாதாரணக் காந்தம் இந்த நேரத்துக்குள் திரவத்திலிருந்து பிரித்தெடுத்துவிட முடியாது. நிறம் ஒரே சீராக இருக்கும். காந்தத்தின் பக்கம் கருமை திரண்டு மறுபக்கம் தெளிந்துவிட்டால், உள்ளே இருப்பது தனித்தனித் துகள்கள் அல்ல, கட்டிகள். அந்தக் கரைசலில் எவ்வளவு கவனமாகப் பூசினாலும் படலம் சரிவராது. சோதித்த 2 மி.லி.யைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாதீர்கள்.

அறிகுறி 1: பாட்டிலின் அடியில் வண்டல், அல்லது காந்தச் சோதனையில் தோல்வி

*தண்ணீர்ப் பாட்டில் (சிட்ரேட்)*

முதலில் பி.எச். பாருங்கள். 4-க்குக் கீழே இறங்கினால் சிட்ரேட்டின் மின்சுமை குறைந்து துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். நீர்த்த அமோனியாவோ சோடியம் ஹைட்ராக்சைடோ சொட்டுச் சொட்டாக விட்டு 7–8-க்குக் கொண்டுவந்து, பனிக்கட்டித் தொட்டியில் வைத்து 10 நிமிடம் சோனிகேட் செய்யுங்கள் (மீயொலியால் அதிரவையுங்கள்). பனிக்கட்டி வேண்டும், சோனிகேட்டர் தொட்டியின் நீர் சூடேறினால் போர்வை கழன்று நிலைமை இன்னும் மோசமாகும்.

பி.எச். சரியாக இருந்தால் உப்பைச் சந்தேகியுங்கள். குழாய் நீரில் நீர்த்திருந்தாலோ பஃபரில் (பி.எச். மாறாமல் வைக்கும் உப்புக் கரைசல்) ஊற்றியிருந்தாலோ துகள்களுக்கிடையே உள்ள விலக்கு விசை சுருங்கிவிடும். ஒரு நாள் முழுக்க டயாலிசிஸ் செய்தால் (சவ்வுப் பையில் கட்டித் தூய நீரில் வைத்து உப்பை வெளியேற்றினால்) மீளலாம். ஃப்ரீசரில் உறைந்த பாட்டிலுக்கு வைத்தியம் கிடையாது.

கலக்குவதற்குக் காந்தக் கலக்கியைப் போட்டிருந்தால், அந்தக் குச்சியை எடுத்துப் பாருங்கள். பாதிச் சரக்கு அதன்மேல்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். காந்தத் துகளுக்கு மேலிருந்து சுழலும் மோட்டார்க் கலக்கிதான் சரி.

*டொலுவீன் பாட்டில் (ஓலியிக் அமிலம்)*

இங்கே வழக்கமான குற்றவாளி, அளவுக்கு மீறிய கழுவல். எத்தனால் ஊற்றி வீழ்த்தி, சென்ட்ரிஃபியூஜ் செய்து, மீண்டும் டொலுவீனில் கரைப்பதை 2 அல்லது 3 தடவையோடு நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் ஓலியிக் அமிலமும் கழன்று வந்துவிடும். ஒரு மி.லி.க்கு 1–2 மைக்ரோலிட்டர் ஓலியிக் அமிலம் சேர்த்து 15 நிமிடம் சோனிகேட் செய்து, மீண்டும் காந்தச் சோதனை செய்யுங்கள். நேர் எதிரான பிழையும் உண்டு: கழுவலே போதாமல், படலம் காய்ந்த பிறகும் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும், விரல் பட்டால் வழுக்கும். அதற்கு இன்னும் ஒரு கழுவல் போதும்.

*எதற்கும் சரியாகவில்லை என்றால்*

புதுச் சரக்கு தயாரிப்பதே மலிவு. அதற்கு முன் இரும்பு(II) குளோரைடு பாட்டிலைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். வெளிர் பச்சை என்றால் நல்லது. மஞ்சளோ பழுப்போ ஏறியிருந்தால் அதில் ஒரு பங்கு ஏற்கெனவே இரும்பு(III) ஆகிவிட்டது. நிறுத்துப் போடும் 1:2 மோல் விகிதம் பாத்திரத்தில் இருக்காது. நல்ல உப்பானால், 2 கிராம் இரும்பு(II) குளோரைடு டெட்ராஹைட்ரேட்டும் 5.4 கிராம் இரும்பு(III) குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டும் 100 மி.லி. தண்ணீரில் கரைத்து (தண்ணீரில் 30 நிமிடம் நைட்ரஜன் ஓட்டியிருக்க வேண்டும்), 70–80 டிகிரி சூட்டில் 25 சதவீத அமோனியா 20 மி.லி. ஊற்றினால் கரைசல் அந்த நொடியே கன்னங்கரேல் என்று மாற வேண்டும். செங்கல் நிறம் காட்டினால் ஆக்சிஜன் உள்ளே இருக்கிறது; தொடர வேண்டாம்.

*வெளியே கேட்க வேண்டிய கட்டம்:* புதுச் சரக்கு இரண்டு தடவை தோற்றால் டி.எல்.எஸ். (ஒளிச்சிதறலால் திரவத்திலுள்ள துகளின் அளவு), ஜீட்டா மின்னழுத்தம் (துகள் பரப்பின் மின்சுமைக்கு அளவுகோல்) இரண்டையும் கருவி மையத்தில் அளக்கக் கொடுங்கள். 10 நானோமீட்டர் துகளுக்கு டி.எல்.எஸ். 15–30 நானோமீட்டர் காட்டினால் பாட்டில் நலம். 100-ஐத் தாண்டினால் கட்டி. தண்ணீர்ப் பாட்டிலின் ஜீட்டா, மைனஸ் 30 மில்லிவோல்ட்டோ அதைவிட அதிக எதிர்மதிப்போ இருக்க வேண்டும்.

அறிகுறி 2: படலம் திட்டுத்திட்டாக, நடுவே வழுக்கை

பாட்டில் தேறிவிட்டது, பரப்புதான் பிடிக்கவில்லை. இதைப் பிரித்தறிய ஒரு சொட்டுத் தண்ணீர் போதும்.

*கழுவிய வெறும் கண்ணாடியில் சொட்டு பரவுகிறதா?*

பரவாமல் மணியாக நின்றால் கண்ணாடி அழுக்கு. சோப்புக் கரைசல், தண்ணீர், அசிட்டோன், ஐசோபுரோப்பனால் என்று வரிசையாக ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் சோனிகேட் செய்து, நைட்ரஜனால் ஊதி, புறஊதா-ஓசோனில் 20 நிமிடமோ ஆக்சிஜன் பிளாஸ்மாவில் 2–5 நிமிடமோ வையுங்கள். அசிட்டோனைத் தானாகக் காய விட்டால் அதுவே கறையாகப் படியும். ஈரம் இருக்கும்போதே ஐசோபுரோப்பனாலுக்கு மாற்றிவிட வேண்டும். சுத்தம் செய்த தகடு காற்றிலுள்ள எண்ணெய் ஆவியை வாங்கிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த படிக்குப் போகாவிட்டால் மறுபடி ஓசோன்தான்.

பிரான்ஹா கரைசலை (அடர் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்தது) பலர் முதல் வேலையாகக் கையில் எடுக்கிறார்கள். இந்த வேலைக்குப் பெரும்பாலும் அது தேவையே இல்லை. அசிட்டோன் எச்சத்தோடு சேர்ந்தால் வெடிக்கும். மூடி போட்ட பாட்டிலில் வைத்தால் வாயு கூடி உடையும். பழகியவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

*ஒட்டுப்படலம் போட்ட பிறகு சொட்டு எப்படி நிற்கிறது?*

துகளைக் கண்ணாடியோடு பிடித்துவைக்க இடையே போடும் அமீன் படலம்தான் ஒட்டுப்படலம். அமினோபுரோப்பைல் டிரைஎத்தாக்சிசிலேன், ஆய்வகப் பேச்சில் ஏப்டெஸ், சரியாக ஏறியிருந்தால் சொட்டு முழுதாகப் பரவாது. தொடுகோணம் (சொட்டின் ஓரம் தகட்டோடு செய்யும் கோணம்) 40 முதல் 70 டிகிரிக்குள் நிற்கும். இன்னும் பரவினால் ஏப்டெஸ் ஏறவே இல்லை. பாட்டில் பழசாகி ஈரம் உறிஞ்சியிருக்கலாம். தகட்டின்மேல் வெள்ளை மூட்டம் தெரிந்தால் கோளாறு வேறு: கரைசலில் தண்ணீர் அதிகமாகி, ஏப்டெஸ் தனக்குள்ளேயே பிணைந்து, கட்டியாகப் படிந்திருக்கிறது. அதன்மேல் துகள் ஒட்டும், ஆனால் அடுத்த கழுவலில் கட்டியோடு சேர்ந்து பெயர்ந்து வரும்.

உலர்ந்த டொலுவீனில் 1–2 சதவீத ஏப்டெஸ், அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம், டொலுவீனில் இரு முறையும் எத்தனாலில் ஒரு முறையும் அலசி, 5 நிமிடம் எத்தனாலில் சோனிகேட், பிறகு 110 டிகிரியில் 30 நிமிடம். அந்த ஐந்து நிமிட சோனிகேட்டைத் தவிர்க்காதீர்கள்: சும்மா உட்கார்ந்திருக்கும் ஏப்டெஸ்ஸை அதுதான் விரட்டுகிறது.

*இரண்டு சோதனையும் தேறியும் திட்டு வந்தால்*

துகள் கரைசலின் பி.எச். பாருங்கள். அமீன் பரப்பு காரநீரில் நேர்மின்சுமையை இழக்கும். சிட்ரேட் துகள் அமிலநீரில் எதிர்மின்சுமையை இழக்கும். இரண்டும் ஒத்துப்போகும் இடம் பி.எச். 6 அளவில் இருக்கிறது. ஒரு மி.லி.க்கு 0.5–1 மி.கி. செறிவில் 20 நிமிடம் மூழ்கவைத்தால் போதும்.

ஓலியிக் அமிலத் துகளை டொலுவீனோடு அமீன் தகட்டின்மேல் வைத்துவிட்டு ஒட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. அங்கே மின்சுமை ஈர்ப்பு இல்லை. அவற்றைச் சுழற்றிப் பூசுங்கள் (தகட்டை வேகமாகச் சுழற்றிக் கரைசலைப் பரப்புங்கள்), அல்லது போர்வையைச் சிட்ரேட்டாக மாற்றிய பிறகு தண்ணீரில் ஒட்டுங்கள்.

தங்கத் தகடு என்றால் ஏப்டெஸ் வேண்டாம். எத்தனாலில் 1 மில்லிமோலார் சிஸ்டியமினில் (தங்கத்தோடு கந்தக முனையால் பிணைந்து அமீனை வெளியே காட்டும் மூலக்கூறு) ஓர் இரவு வையுங்கள்.

அறிகுறி 3: ஓரத்தில் கருவளையம், நடுவே வெளிறல்

சொட்டு விட்டுக் காயவைப்பவர்களுக்கு வருவது. சொட்டின் ஓரம் நகராமல் நிற்க, அங்கே ஆவியாகும் திரவத்தை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓடும். துகளையும் இழுத்துக்கொண்டு போகும். செலவே இல்லாத திருத்தம், சொட்டின்மேல் பெட்ரி டிஷ்ஷைக் கவிழ்த்து ஆவியாவதைத் தாமதப்படுத்துவது. அது போதாவிட்டால் ஹெக்சேனோடு 10–20 சதவீத ஆக்டேன் போன்ற மெதுவாக ஆவியாகும் கரைப்பானைக் கலந்து பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சொட்டு முறையைக் கைவிட்டுச் சுழற்றிப் பூசுவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

அறிகுறி 4: காய்ந்த படலத்தில் கோடுகள், முள்முள்ளான வரிசைகள்

தகட்டை எங்கே வைத்துக் காயவைத்தீர்கள்? கலக்கும் வசதியுள்ள ஹாட் பிளேட்டின்மேல் என்றால் விடை கிடைத்துவிட்டது. சுழல் நிறுத்தப்பட்டிருந்தாலும் அதன் மேற்தகட்டுக்கு அடியில் நிரந்தரக் காந்தம் இருக்கிறது. ஈரமான துகள்கள் அதன் புலக்கோடுகளை ஒட்டி அணிவகுக்கும். வெறும் சூடேற்றி மட்டும் உள்ள தட்டுக்கு மாற்றுங்கள்.

அறிகுறி 5: சுழற்றிப் பூசியதில் வால்நட்சத்திரம், ஓட்டைகள், ஆரக்கோடுகள்

ஒவ்வொரு வால்நட்சத்திரத்தின் தலையிலும் ஒரு தூசியோ கட்டியோ உட்கார்ந்திருக்கும். 0.2 மைக்ரான் பி.டி.எஃப்.இ. வடிகட்டி போதும். வடித்தபின் கரைசல் வெளுத்துவிட்டால் வடிகட்டியைக் குறை சொல்ல வேண்டாம்; அறிகுறி 1-க்குத் திரும்புங்கள்.

வட்ட வட்ட ஓட்டைகள் என்றால் சிரிஞ்சைப் பாருங்கள். ரப்பர் முனை வைத்த பிளாஸ்டிக் சிரிஞ்சில் டொலுவீனை இழுத்தால் ரப்பர் ஊதி, அதன்மேல் பூசியுள்ள சிலிக்கோன் எண்ணெய் கரைசலில் இறங்கும். அந்த எண்ணெய்தான் தகட்டில் ஓட்டை போடுகிறது. கண்ணாடிச் சிரிஞ்சோ ரப்பரே இல்லாத சிரிஞ்சோ எடுங்கள்.

நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் ஆரக்கோடுகள், கரைப்பான் மிக வேகமாகப் பறப்பதன் அடையாளம். ஹெக்சேனிலிருந்து டொலுவீனுக்கு மாறுங்கள். மி.லி.க்கு 10 மி.கி., நிமிடத்துக்கு 2000 சுற்று, 40 வினாடி என்று தொடங்கி அங்கிருந்து மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி 6: வெடிப்பு

பெரும்பாலும் தடிமன்தான் காரணம். ஒரே தடவையில் தடிமனாகப் பூசாமல் மெல்லிய படலங்களாகப் பூசி, ஒவ்வொன்றையும் காயவைத்து அடுத்ததைப் போடுங்கள். காயும்போது வராமல் சூடேற்றும்போது வெடித்தால், போர்வை எரிந்து வெளியேறும் இடம் சுருங்குகிறது என்று பொருள்; நிமிடத்துக்கு 1–2 டிகிரி என்ற வேகத்தில் ஏற்றுங்கள். டொலுவீன் படலத்தின்மேல் மீண்டும் டொலுவீன் கரைசலைப் பூசினால் கீழ்ப்படலம் கரைந்துவிடும் என்பதால், நடுவே ஒரு சூடேற்றமாவது கட்டாயம்.

அறிகுறி 7: காய்ந்தபோது அழகு, தண்ணீரில் போட்டதும் உரிகிறது

இந்த ஒரு கோளாறுதான் அதிகம் பேரை அலைக்கழிக்கிறது. எப்படி உரிகிறது என்பதிலேயே காரணம் இருக்கிறது. அதனால் தகட்டை நனைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாமல் முதல் 10 நிமிடம் பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

*தாள் தாளாகப் பெயர்ந்து மிதந்தால்:* துகளுக்கும் துகளுக்கும் பிடிப்பு இருக்கிறது, தகட்டோடுதான் இல்லை. அறிகுறி 2-இன் சொட்டுச் சோதனைக்குத் திரும்புங்கள்.

*தண்ணீர் மெல்லப் பழுப்பாகி, படலம் கரைவதுபோல் வெளிறினால்:* தகட்டோடு ஒட்டிய முதல் அடுக்கு நிற்கிறது. அதன்மேல் சும்மா குவிந்தவை போகின்றன. இதைக் கோளாறு என்றே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பூசியதும் 3 தடவை நன்றாக அலசிவிட்டு, நிற்பதைத்தான் உங்கள் படலமாகக் கணக்கில் வையுங்கள்.

*வெறும் தண்ணீரில் நிற்கிறது, பாஸ்பேட் பஃபரில் போகிறது என்றால்:* இரண்டு காரணம். பஃபரிலுள்ள உப்பு, மின்சுமைப் பிடிப்பைத் தளர்த்துகிறது. பாஸ்பேட் அயனியோ இரும்பு ஆக்சைடை சிட்ரேட்டைவிடக் கெட்டியாகப் பிடிக்கும். சிட்ரேட்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். எது காரணம் என்று பிரிக்க, அதே செறிவு சோடியம் குளோரைடு கரைசலில் இன்னொரு தகட்டைப் போடுங்கள். அங்கேயும் உரிந்தால் உப்பு. அங்கே நின்றால் பாஸ்பேட்.

உப்பு என்றால், மின்சுமையை நம்பாமல் வேதிப்பிணைப்பு போடுங்கள். சிட்ரேட்டின் கார்பாக்சில் முனையையும் தகட்டின் அமீனையும் இ.டி.சி.–என்.எச்.எஸ். என்ற பிணைப்பு வேதிப்பொருள்களைக் கொண்டு இணைக்கலாம். செயலூட்டும் படி எம்.இ.எஸ். பஃபரில், பி.எச். 5.5–6, இணைக்கும் படி 7.2–7.5. இ.டி.சி. தண்ணீரில் தானே சிதையும். காலையில் கரைத்து மதியம் பயன்படுத்தினால் வேலை செய்யாது, எடுத்த நிமிடத்தில் கரைக்க வேண்டும். டிரிஸ் பஃபரை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்; அதன் அமீன் உங்கள் தகட்டின் அமீனோடு போட்டி போடும்.

பாஸ்பேட் என்றால், சிட்ரேட்டை நம்பாத பிடிப்பு வேண்டும். இலகுவான வழி பாலிடோபமின்: 10 மில்லிமோலார் டிரிஸ், பி.எச். 8.5, மி.லி.க்கு 2 மி.கி. டோபமின் ஹைட்ரோகுளோரைடு. தகட்டை இதில் சில மணி நேரம் வைத்தால் கண்ணாடி, தங்கம், பிளாஸ்டிக் எதுவானாலும் பழுப்புப் பூச்சு ஏறும். அதன்மேல் துகளை ஒட்டி, கடைசியில் அதே கரைசலில் 30 நிமிடம் மூழ்கவைத்து மேலே ஒரு மெல்லிய போர்வை போட்டால் பிடிப்பு வெகுவாகக் கூடும். கரைசலைத் திறந்த பீக்கரில் வையுங்கள், ஆக்சிஜன் வேண்டும். இங்கே மட்டும் டிரிஸ் குற்றவாளி இல்லை.

*வாரக்கணக்கில் நின்று, பிறகு மெல்ல உரிந்தால்:* ஏப்டெஸ் பிணைப்பே தண்ணீரில் அறுகிறது. அதன் அமீன் முனையே அந்த அறுப்பைத் தூண்டுகிறது, பி.எச். 9-க்கு மேல் போனால் இன்னும் வேகம். 110 டிகிரிச் சூடேற்றத்தை விட்டிருந்தால் அதைச் சேருங்கள். நீண்ட நாள் நனைந்தே கிடக்க வேண்டிய தகடு என்றால் ஏப்டெஸ்ஸை விட்டுப் பாலியெலக்ட்ரோலைட் அடுக்குகளுக்கு மாறுவது என் கணக்கில் நல்லது: உப்பு 0.5 மோலார் சேர்த்த பி.டி.டி.ஏ. (நேர்மின்சுமையுள்ள பாலிமர்) கரைசலில் (மி.லி.க்கு 1 மி.கி.) 10 நிமிடம், மூன்று அலசல், துகள் கரைசலில் 20 நிமிடம், மூன்று அலசல், மறுபடி முதலிலிருந்து. உப்பு பி.டி.டி.ஏ.வுக்கு மட்டும், துகள் பாத்திரத்தில் ஒரு கல் உப்பும் போகக்கூடாது. அலசலைச் சுருக்கினால் தகட்டோடு வரும் பி.டி.டி.ஏ. துகள் பாத்திரத்திலேயே கட்டி தட்டவைத்து, ஏழெட்டுச் சுற்றில் படலம் உப்புத்தாள்போல் கரடுமுரடாகும். ஒவ்வொரு சுற்றுக்கும் 400 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைக் குறித்துவாருங்கள். நேர்கோடாக ஏறினால் நலம். திடீரென எகிறினால் அலசல் தண்ணீரை மாற்றும் நேரம்.

பிடிப்பை ஒப்பிட, கத்தியால் குறுக்குநெடுக்காகக் கீறி, டேப் ஒட்டிப் பிய்த்துப் பார்க்கும் சோதனை போதும். முறைப்படி வேண்டுமென்றால் ஏ.எஸ்.டி.எம். டி3359.

*வெளியே கேட்க வேண்டிய கட்டம்:* மூன்று வழியும் தோற்றால், உரிந்த இடத்தை எக்ஸ்.பி.எஸ்.ஸில் (பரப்பிலுள்ள தனிமங்களை எக்ஸ்-கதிரால் கண்டறியும் கருவி) பார்க்கச் சொல்லுங்கள். நைட்ரஜன் மிஞ்சியிருந்தால் துகள் மட்டும் போயிருக்கிறது. நைட்ரஜனும் இல்லையென்றால் ஒட்டுப்படலமே போய்விட்டது. இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் மேலும் வேதிப்பொருள் வாங்குவது வீண்.

அறிகுறி 8: கருப்புப் படலம் பழுப்பாக, சிவப்பாக மாறுகிறது

பழுப்பு என்றால் மேக்னடைட் காற்றில் ஆக்சிஜனேற்றமடைந்து மேக்ஹெமைட் என்ற இன்னொரு இரும்பு ஆக்சைடாக ஆகியிருக்கிறது. 10 நானோமீட்டர் துகளில் இதை முழுக்கத் தடுப்பது கடினம்; அறை வெப்பத்திலேயே நடக்கும். காந்தத்தன்மை கொஞ்சம் குறையும், போகாது. பெரும்பாலான வேலைகளுக்கு இதோடு வாழப் பழகலாம்.

சிவப்பு என்றால் கதை வேறு. அது ஹெமடைட், காந்தத்தன்மை ஏறக்குறைய போய்விட்டது. காற்றில் அதிகமாகச் சூடேற்றியிருப்பீர்கள். 200 டிகிரியைத் தாண்டும் எந்தச் சூடேற்றமும் ஆர்கானிலோ நைட்ரஜனிலோதான் நடக்க வேண்டும்; உலையை அணைத்த பிறகும் 50 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை வாயுவை நிறுத்தக்கூடாது. சிவந்த படலத்தை மீட்க முயல வேண்டாம்.

ராமனில் (லேசர் ஒளிச்சிதறலால் பொருளை அடையாளம் காணும் கருவி) பார்ப்பவர்கள் லேசர் திறனைக் குறைத்துத் தொடங்குங்கள். மேக்னடைட்டின் உச்சி 670 செ.மீ.⁻¹ பக்கம், ஹெமடைட்டின் உச்சிகள் 225, 290, 410 பக்கம். லேசர்ச் சூட்டிலேயே மேக்னடைட் ஹெமடைட்டாக மாறி, இல்லாத கோளாறைக் காட்டும். அளந்த புள்ளியை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்: சிவப்புப் பொட்டு விழுந்திருந்தால் அந்த அளவீடு செல்லாது.

அறிகுறி 9: காந்த அளவீட்டில் விசித்திரம்

ஒரு சதுர செ.மீ. பரப்பில் 20 நானோமீட்டர் தடிமன், 60 சதவீத நிரப்பு என்றால் மொத்த மேக்னடைட் சுமார் 6 மைக்ரோகிராம். கிராமுக்கு 60 ஈ.எம்.யூ. (காந்தத் திருப்புத்திறனின் அலகு) என்று வைத்தால் சமிக்ஞை 0.0004 ஈ.எம்.யூ.வுக்குக் கொஞ்சம் குறைவு. அரை மி.மீ. தடிமனுள்ள அதே அளவு சிலிக்கான், 10,000 ஓர்ஸ்டெட் புலத்தில் எதிர்த்திசையில் கொடுப்பது 0.00013. அதாவது படலத்தின் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே:

*கோடு கீழ்நோக்கிச் சாய்ந்தால்:* தகட்டின் பங்கு. படலமில்லாத அதே தகட்டை அளந்து கழியுங்கள்.

*சமிக்ஞை கணக்கைவிடப் பெரிதாக இருந்தால், அல்லது வளைவில் எதிர்பாராத அகலம் (புலத்தை ஏற்றும் கோடும் இறக்கும் கோடும் பிரிந்து நிற்பது) தெரிந்தால்:* சாமணத்தைப் பாருங்கள். 50 மைக்ரான் அளவுள்ள ஓர் இரும்புத் துணுக்கு ஏறக்குறைய 1 மைக்ரோகிராம் எடை. அது மட்டுமே 0.0002 ஈ.எம்.யூ. கொடுக்கும், உங்கள் படலத்தில் பாதி. எஃகுச் சாமணமும், தகட்டை வெட்டிய கருவியும் இந்தத் துணுக்கை விட்டுச்செல்லும். பிளாஸ்டிக் அல்லது டைட்டானியம் சாமணத்துக்கு மாறி, தகட்டின் வெட்டு ஓரங்களை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். படலத்தில் அமிலம் படக்கூடாது, மேக்னடைட்டும் கரையும்.

*துணுக்கு இல்லை, அகலம் மட்டும் நிற்கிறது என்றால்:* 25 நானோமீட்டரைத் தாண்டிய துகள்கள் கலந்திருக்கலாம், அல்லது சூடேற்றத்தில் துகள்கள் ஒன்றோடொன்று உருகி இணைந்திருக்கலாம். சூடேற்றாத தகடு ஒன்றை அளந்து ஒப்பிடுங்கள். அதிலும் அகலம் இருந்தால் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை டி.இ.எம்.முக்கு (ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி) அனுப்புங்கள், அனுப்பும்போது துகள் காந்தத்தன்மை உள்ளது என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். சரியாக ஒட்டாத காந்தத் துகள் லென்ஸுக்குள் இழுத்துக்கொண்டால் கருவி நிற்கும், உங்கள் மாதிரியை அடுத்த முறை வாங்கவும் மாட்டார்கள்.